எங்கே என்று கேட்ட டாக்டர்

ஒரு திசுத் துண்டில் குறிப்பிட்ட புரோட்டீன் இருக்கா, இல்லையா? திசுவை அரைத்துச் சோதித்தாலே பதில் கிடைத்துவிடும். ஆனா எந்த செல்லில் இருக்குன்னு கேட்டா? அரைத்த மாவில் எது அரிசி, எது உளுந்துன்னு தேடுற கதைதான்.

அந்த 'எங்கே'வுக்கு வழி கண்டுபிடித்தவர் ஆல்பர்ட் கூன்ஸ். 1912-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் குளோவர்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். 1937-ல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் வாங்கினார்.

1939. உலகப் போர் வெடிக்கப்போகும் நேரம். பெர்லினுக்குப் போயிருந்த கூன்ஸுக்கு அங்கேயும் ருமாட்டிக் காய்ச்சல் பற்றித்தான் யோசனை. தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கும் பின்னால் இதயத்தில் வரும் பாதிப்புக்கும் என்ன தொடர்பு? கிருமியின் பொருள் அந்த இடத்தில் இருக்கான்னு யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அப்போதுதான் பொறி தட்டியது. ஆன்டிபாடி தனக்குரிய பொருளைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அதன் முதுகில் ஒரு விளக்கைக் கட்டிவிட்டால்?

சொல்றது ஈசி. விளக்கைக் கட்டினதும் ஆன்டிபாடி ஒட்டுகிற குணத்தை இழந்துட்டா எல்லாம் வீண். ஹார்வர்டு திரும்பியவர், ஹியூ க்ரீச், நார்மன் ஜோன்ஸ் என்ற வேதியியலாளர்களோடு சேர்ந்தார். ஆந்த்ரசீன் சேர்ந்த சாயத்தை முதலில் இணைத்தார்கள். ஒட்டும் குணம் போகவில்லை; அல்ட்ராவயலட்டில் நீலமாக மின்னியது. 1941-ல் கட்டுரையும் வந்தது. ஆனா திசுவும் தானாகவே நீலமாக மின்னும்! சிக்னலும் நாய்ஸும் ஒரே நிறம். ஈசிஇ பசங்களுக்கு இந்த வலி புரியும்.

சாயத்தை மாற்றினார்கள். பச்சையாக ஒளிரும் ஃப்ளோரசீன். 1942-ல் நியூமோகாக்கஸ் கிருமியின் பொருள் திசுவுக்குள் எங்கே இருக்குன்னு பளிச்சென்று தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ராணுவ சேவை. வேலை சில ஆண்டுகள் நின்றது. திரும்பி வந்து, 1950-ல் மெல்வின் கப்லானோடு சேர்ந்து முறையைச் செம்மைப்படுத்தினார். 1955-ல், ஆன்டிபாடியைத் தயாரிப்பது பிளாஸ்மா செல்கள்தான் என்பதை இதே வழியில் காட்டினார். ஆனா சாயம் தயாரிக்க பாஸ்ஜீன் என்ற விஷவாயு தேவைப்பட்டது. 1958-ல் வேறொரு குழு சுலபமான சாயத்தைக் கொண்டுவந்த பிறகே முறை பரவலானது. 1959-ல் லாஸ்கர் விருது. 1978-ல் மறைந்தார்.

அவர் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கு. 1992-ல் அடையாளம் காணப்பட்ட ஸாப்-70, டி-செல்லின் ரிசெப்டர் எதிரியை உணர்ந்ததும் செய்தியை உள்ளே கடத்தும் புரோட்டீன். டி-செல்லில் இருந்தால் இயல்பு. நாள்பட்ட லிம்ஃபோசைட் ரத்தப் புற்றுநோயில், புற்றான பி-செல்லில் இருந்தால் நோய் வேகமாக முற்ற வாய்ப்பு அதிகம். அரைத்தால் ரெண்டும் கலந்துடும். அதனால் மெல்லிசாக வெட்டிய திசுவில் ஆன்டிபாடியை விட்டு, நிறம் ஏறியது எந்த செல்லில் என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். பெரும்பாலும் விளக்குக்குப் பதில், பழுப்பு நிறம் உண்டாக்கும் என்சைம். பக்கத்திலுள்ள நல்ல டி-செல்லிலேயே நிறம் ஏறலைன்னா, அந்தச் சோதனையை நம்பாமல் மறுபடி செய்ய வேண்டியதுதான்.