தொழிலாளர்களின் தமக்கை அனசூயா சாராபாய்

அகமதாபாத் நகரின் செல்வச் செழிப்பு மிக்க சமண வணிகக் குடும்பம் ஒன்றில் 1885ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் அனசூயா சாராபாய் பிறந்தார். ஒன்பதாம் வயதில் தாய் தந்தையரை இழந்து, உறவினர் ஆதரவில் வளர்ந்தார். பதின்மூன்றாம் வயதில் அவருக்கு மணம் செய்துவைத்தனர். அந்த இல்லறம் நிலைக்கவில்லை. விரைவிலேயே பிறந்தகம் திரும்பினார்.

கல்வி கற்கும் வேட்கை அவரிடம் தணியாதிருந்தது. அதனை உணர்ந்து துணை நின்றவர் அவருடைய தம்பி அம்பாலால் சாராபாய். பிற்காலத்தில் விண்வெளி அறிஞர் விக்ரம் சாராபாயின் தந்தையாகப் புகழ் பெற்றவர் இவரே. தம்பியின் உதவியால் 1912ஆம் ஆண்டு அனசூயா மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார். அப்படிப்பில் உயிரினங்களை அறுத்து ஆராய வேண்டியிருந்தது. கொல்லாமை நெறியில் வளர்ந்த அவர் உள்ளம் அதற்கு இசையவில்லை. மருத்துவத்தைத் துறந்து, லண்டன் பொருளியல் கல்லூரியில் சமூகவியல் கற்கலானார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி நடந்த இயக்கமும், சமத்துவம் பேசிய ஃபேபியன் அறிஞர்களின் கருத்துகளும் அவர் சிந்தனையை விரிவாக்கின.

1913ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய அவர், ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஒரு நாள் காலை, சோர்ந்து தள்ளாடி நடந்து சென்ற பெண்கள் சிலரைக் கண்டு காரணம் வினவினார். இடைவிடாமல் 36 மணி நேரம் ஆலையில் உழைத்துவிட்டு வீடு திரும்புவதாக அவர்கள் கூறினர். தொழிலாளர்க்காகவே இனி வாழ்வது என அன்று அவர் உறுதி பூண்டார்.

அந்த உறுதிக்கு 1918இல் பெருஞ்சோதனை வந்தது. முந்தைய ஆண்டு நகரைப் பிளேக் நோய் வாட்டியபோது, தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடாதிருக்க ஆலை முதலாளிகள் தனி ஊக்கத்தொகை அளித்தனர். நோய் தணிந்ததும் அதனை நிறுத்தினர். விலைவாசியோ ஏறியே இருந்தது. நெசவுத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கேட்டனர். காந்தியடிகள் நிலைமையை ஆராய்ந்து 35 விழுக்காடு கேட்குமாறு அறிவுறுத்தினார். முதலாளிகள் 20 விழுக்காட்டுக்கு மேல் தர மறுத்துக் கதவடைப்புச் செய்தனர்.

முதலாளிகள் பக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் அம்பாலால். தொழிலாளர் பக்கம் நின்றவர் அனசூயா. தம்மைக் கைதூக்கிவிட்ட தம்பியையே எதிர்க்க வேண்டிய நிலை அந்தத் தமக்கைக்கு. உறவுக்காக அவர் நியாயத்தைக் கைவிடவில்லை. நியாயத்துக்காக உறவை வெறுக்கவும் இல்லை. சபர்மதி ஆற்றங்கரையில் கருவேல மரத்தடியில் நாள்தோறும் தொழிலாளர் கூடினர். வன்முறை கூடாது, உறுதி குலையக் கூடாது என்பவை அங்கு எடுத்த சூளுரையின் உயிர்நாடி. பட்டினியால் சிலர் தளர்ந்தபோது, மார்ச் 15ஆம் நாள் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். மூன்றாம் நாள் கழிந்து, 18ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. ஆனந்தசங்கர் துருவா நடுவராக அமர்ந்து ஆராய்ந்து, பின்னர் 35 விழுக்காடே தகும் எனத் தீர்ப்பளித்தார்.

1920ஆம் ஆண்டு மஜூர் மகாஜன் சங்கம் என்னும் தொழிலாளர் சங்கம் உருவாகி, அனசூயா அதற்குத் தலைமை ஏற்றார். வழக்குகளைப் பேசித் தீர்ப்பதும், இயலாதபோது நடுவர் தீர்ப்பை நாடுவதும் அச்சங்கத்தின் வழியாயின. தொழிலாளர்கள் அவரை மோட்டாபென், அதாவது அக்கா, என்றே அழைத்தனர். அச்சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து இலா பட் அம்மையார் வளர்த்த 'சேவா' அமைப்பு 1972இல் பதிவு பெற்றது. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் அனசூயா மறைந்தார்.

ஆய்வுக்கூடத்தில் வாயில்லா உயிரின் மீது கத்தி வைக்க அஞ்சிய அதே நெஞ்சந்தான், ஆலை வாயிலில் களைத்து நின்ற பெண்களுக்காகவும் துடித்தது. கொல்லாமை, பிற உயிரின் துயரைக் கண்டு வாளாவிருக்க விடாது என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.