ஹம்ப்ரி டேவி: ஆபத்தைத் தன் உடலிலேயே அளந்தவர்

சோடியம், பொட்டாசியம் ஆகிய தனிமங்களைப் பிரித்தெடுத்தவர், சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு அளித்தவர் என்றே சர் ஹம்ப்ரி டேவியைப் பாடநூல்கள் அறிமுகம் செய்கின்றன. ஆனால் அவருக்கு முதலில் புகழ் தேடித் தந்தது, நைட்ரஜன் சேர்மம் ஒன்றைச் சூடாக்கிய பரிசோதனை.

இங்கிலாந்தின் தென்மேற்கே பென்சான்ஸ் நகரில், மரச்சிற்பி ஒருவரின் மகனாக 1778 ஆம் ஆண்டு பிறந்தார் டேவி. இளமையிலேயே தந்தையை இழந்த அவர், மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகினார். வாயுக்களால் நோய் தீர்க்க முயன்ற பிரிஸ்டல் மருத்துவர் தாமஸ் பெடோஸ், 1798 இல் தமது ஆய்வுக்கூடத்தை அவரிடம் ஒப்படைத்தார். அப்போது டேவிக்கு வயது 19.

அம்மோனியம் நைட்ரேட் உப்பை அளவாகச் சூடாக்கினால் அது நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாகவும் நீராவியாகவும் சிதையும். உயிரைப் பறிக்கும் நோய்க்காரணி என்று சிலர் அஞ்சிய அந்த வாயுவை, 1799 இல் டேவி தாமே சுவாசித்துப் பார்த்தார். மரணம் நேரவில்லை, மகிழ்ச்சிப் பெருக்கே ஏற்பட்டது. ஆனால் நைட்ரிக் ஆக்சைடைச் சுவாசிக்க முயன்றபோது, அது வாயில் அமிலமாக மாறிச் சுட்டது.

நைட்ரஸ் ஆக்சைடு வலியைத் தணிப்பதால் அறுவைச் சிகிச்சைக்கு உதவலாம் என 1800 இல் வெளியான நூலில் அவர் குறிப்பிட்டார். அதை எவரும் தொடரவில்லை. அவரும் வேறு ஆய்வுகளுக்குச் சென்றுவிட்டார். 1844 இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரஸ் வெல்ஸ் இந்த வாயுவைப் பயன்படுத்தும் வரை, நோயாளிகள் வலியுடனேயே கத்தியை எதிர்கொண்டனர்.

1812 இல் நைட்ரஜன் டிரைகுளோரைடு வெடித்து டேவியின் கண் காயமடைந்தது. அவருக்கு எழுத உதவ வந்த இளைஞர் மைக்கேல் ஃபாரடே, மறு ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆய்வு உதவியாளராக நியமிக்கப்பட்டார். டேவி 1829 இல் ஜெனீவாவில் காலமானார்.

அம்மோனியம் நைட்ரேட் சிதையும்போது தானே வெப்பத்தை வெளியிடும். அவ்வெப்பம் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். பெருந்தொகையாகக் குவிந்து, வெப்பம் வெளியேற வழியின்றிப் போனால் அது வெடிக்கக்கூடும். 2020 ஆகஸ்ட் 4 அன்று, பெய்ரூட் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் தீ விபத்தையடுத்து வெடித்ததில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

டேவி ஆபத்தை அறிந்தே ஏற்றார். அதைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். பெய்ரூட்டிலோ, ஆபத்தை அறிந்திருந்த அதிகாரிகள் வாளாவிருந்தனர். அதன் விலையைக் கொடுத்தவர்கள் அதுபற்றி ஏதும் அறியாத நகரவாசிகள்.