கத்திரிக்கோலால் வெட்டிய கடல்

புற்றுநோய் என்றால் இன்றைக்கும் வீட்டில் பேச்சு சட்டென்று நின்றுவிடுகிறது. 1941-ல் அது இன்னும் பயங்கரமான சொல். அந்த ஆண்டு ஜனவரி மாதம், பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 71 வயதுக் கிழவர் ஒருவருக்கு ஆபரேஷன் நடந்தது. குடலிலே புற்று!

அவர்தான் ஹென்றி மத்தீஸ். உலகப் புகழ் பெற்ற ஓவியர்.

டாக்டர்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான். மூன்று, நான்கு ஆண்டுகள் கிடைத்தால் போதும், கையில் இருக்கும் வேலையை முடித்துவிடுவேன் என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகும் ஆபத்து விலகவில்லை. நுரையீரலில் இரத்தம் கட்டி அடைத்தது. இனிப் பிழைக்க மாட்டார் என்று எல்லோரும் எண்ணினார்கள். ஆனால், பிழைத்துவிட்டார்! அங்கே நோயாளிகளைக் கவனித்த கன்னியாஸ்திரீகள், செத்துப் பிழைத்தவர் என்று அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

உயிர் கிடைத்தது. ஆனால் வயிற்றுத் தசைகள் பலம் இழந்துவிட்டன. நெடுநேரம் நிற்க முடியாது. படுக்கையும் சக்கர நாற்காலியும்தான் இனி அவருடைய உலகம். நின்றுகொண்டே பெரிய பெரிய படங்களைத் தீட்டிய மனிதருக்கு இது எப்படி இருந்திருக்கும்!

அம்மா கொடுத்த பெட்டி

படுக்கை அவருக்குப் புதிது அல்ல. அவர் ஓவியர் ஆனதே படுக்கையில்தான்.

1869-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி பிரான்சின் வடபகுதியில் பிறந்தவர் மத்தீஸ். வளர்ந்தது நெசவாளர்கள் நிறைந்த போயேன் என்ற சிற்றூரில். தந்தை தானிய வியாபாரி. மகன் சட்டம் படித்தான். வக்கீல் ஆபீசில் குமாஸ்தா ஆனான். 20-வது வயதில் குடல்வால் நோய் வந்து படுத்துவிட்டான். பொழுது போகட்டும் என்று தாயார் ஒரு வர்ணப் பெட்டியை வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான், வக்கீல் வேலை போயிற்று! தந்தைக்கு ஏற்பட்ட வருத்தத்தைச் சொல்லவேண்டியதில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் படுக்கை. இந்தத் தடவை கையில் எடுத்தது கத்திரிக்கோல்!

வேலை இப்படி நடக்கும். உதவிக்கு இருந்த பெண்கள் வெள்ளைத் தாள்களில் வர்ணம் பூசிக் காய வைப்பார்கள். மத்தீஸ் படுக்கையில் சாய்ந்தபடியே அந்தத் தாளை எடுப்பார். பென்சிலால் கோடு போட்டுக்கொள்வது கிடையாது. கத்திரிக்கோல் நேரே தாளுக்குள் போகும். இலை வரும், மீன் வரும், பறவை வரும். உதவியாளர்கள் அதைச் சுவரில் வைத்துக் குண்டூசி குத்துவார்கள். இன்னும் கொஞ்சம் மேலே, இல்லை, இடது பக்கம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். மனத்துக்குப் பிடிக்கும் வரை ஊசிகள் இடம் மாறும்.

நம் வீட்டுக் குழந்தைகள் செய்வதும் இதுதானே என்று தோன்றலாம். அப்படிச் சொல்லிச் சிரித்தவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

ஒன்றை இங்கே சொல்லிவிடவேண்டும். மத்தீசின் நோயைப் போக்கியது கத்திரிக்கோல் அல்ல; டாக்டரின் கத்திதான். வலியும் தூக்கமின்மையும் கடைசி வரை அவரை விடவில்லை. மனைவி 1939-லேயே பிரிந்துவிட்டார். 1944-ல், யுத்த காலத்தில், அந்த மனைவியையும் மகளையும் ஜெர்மன் இரகசியப் போலீசார் பிடித்துப்போனார்கள். மகளைச் சித்திரவதை செய்தார்கள். பிற்பாடு இருவரும் உயிரோடு மீண்டார்கள் என்றாலும், செய்தி தெரியாமல் தவித்த நாட்களில் கிழவர் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. அந்த நாட்களிலும் தாள் வெட்டுவதை அவர் விடவில்லை. அந்தச் சமயத்தில் வெட்டிய படங்களில் இருபதை, ஜாஸ் என்ற பெயரில் 1947-ல் புத்தகமாக வெளியிட்டார்கள்.

எழுந்து போக முடியாதவர் தமக்குப் பிடித்த இடங்களையெல்லாம் அறைக்கே வரவழைத்தார் என்பதுதான் இதில் விசேஷம்.

1930-ல், அறுபது வயதில், பசிபிக் கடலிலுள்ள தாகித்தித் தீவுக்கு அவர் போயிருந்தார். அந்தப் பக்கத்துப் பவளத் தீவுகளின் தெளிந்த நீரில் நீந்தினார். நீருக்கு அடியில் இருந்த மீனையும் பாசியையும் பவளத்தையும் கண்ணாரப் பார்த்தார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1946-ல், பாரிஸ் வீட்டில் சுவரில் ஒரு கறை கண்ணை உறுத்தியது. தாளில் ஒரு தகைவிலான் குருவியை வெட்டி, அந்தக் கறை மேல் ஒட்டச் சொன்னார். துணைக்கு ஒரு மீன் வந்தது. பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் முழுவதும் அந்தத் தீவின் கடலும் வானமும் வந்து நின்றன!

இரவு நர்ஸ்

1942-ல் நீஸ் நகரத்து வீட்டில் இரவு நேரத்தில் கவனித்துக்கொள்ள ஒரு நர்ஸ் தேவைப்பட்டது. மோனிக் என்ற இளம்பெண் வந்தாள். வயது 21. தம் படங்களைக் காட்டி, எப்படி இருக்கின்றன என்று கிழவர் கேட்டார். வர்ணம் நன்றாக இருக்கிறது, உருவங்கள்தான் நன்றாக இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள்! கோபம் வரவில்லை அவருக்கு. அன்று முதல் இருவரும் தாத்தாவும் பேத்தியும் போல் ஆனார்கள்.

பிறகு அவள் கன்னியாஸ்திரீ ஆவதற்குப் போனாள். மத்தீசுக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

நீஸ் நகரத்தில் குண்டு விழும் என்ற பயத்தால் 1943-ல் மத்தீஸ் வான்ஸ் என்ற மலையூருக்குக் குடிபோயிருந்தார். விதியைப் பாருங்கள்! மோனிக் சேர்ந்த மடமும் அதே ஊரில்தான். மடத்தாருக்குச் சரியான ஜெபக்கூடம் இல்லை. 1947-ல் மோனிக், வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்காகத் தானே வரைந்த படம் ஒன்றை அவரிடம் காட்டினாள். கிழவர் மொத்த வேலையையும் தாமே ஏற்றுக்கொண்டார். நீளமான மூங்கில் கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி, சுவரில் எழுதவேண்டிய உருவங்களை வரைந்து பழகினார். ஜன்னல்களுக்கு மாதிரி? வேறென்ன, வெட்டிய தாள்தான்! மஞ்சள், பச்சை, நீலம். நான்கு ஆண்டுகள் உழைத்தார். தம் வாழ்நாள் வேலையிலேயே இதுதான் சிறந்தது என்பது அவருடைய எண்ணம்.

1951 ஜூன் 25-ந் தேதி கோயில் திறப்பு விழா நடந்தது. கட்டியவர் வரவில்லை. உடம்பு இடம் கொடுக்கவில்லை.

அறைக்குள் குளம்

அடுத்த ஆண்டு கோடையில் ஒருநாள், நீந்துகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கான் நகரத்து நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனார்கள். வெயில் தாங்கவில்லை, திரும்பிவிட்டார். எனக்கு வேண்டிய குளத்தை நானே செய்துகொள்கிறேன் என்றார். சாப்பாட்டு அறையின் சுவர்களில், தலைக்குச் சற்று மேலே, வெள்ளைத் தாளைச் சுற்றிலும் பட்டையாக ஒட்டச் செய்தார். நீல வர்ணத் தாளில் நீந்துகிறவர்களையும், குதிக்கிறவர்களையும், மீன்களையும் வெட்டினார். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நீர் தெறித்தது! அந்தக் குளம் இப்போது நியூயார்க் நகரத்துக் கண்காட்சிசாலையில் இருக்கிறது.

அதே 1952-ல் இன்னொரு சுவரில் பச்சை, நீலம், ஆரஞ்சு நிற இலைகளும் மாதுளம்பழங்களும் பரவின. தோட்டத்துக்குப் போக முடியாதவர், படுக்கையைச் சுற்றி உலாவுவதற்கு ஒரு தோட்டம் போட்டுக்கொண்டார். படுக்கைக்கு நேர் மேலே கூரையில் பேரப்பிள்ளைகளின் முகங்கள் இருந்தன. தூக்கம் வராத இரவுகளில் அவர்கள் துணை. அவற்றையும் நீண்ட கழியில் கரியைக் கட்டி, படுத்தபடியே வரைந்தாராம்!

டாக்டர்களிடம் கேட்டது மூன்று, நான்கு ஆண்டுகள். கிடைத்தது ஏறக்குறைய பதினான்கு.

1954 நவம்பர் 2-ந் தேதி. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கூடவே இருந்து உதவிய லிடியா என்ற ருஷ்யப் பெண்மணி, தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலைத் துண்டில் சுற்றிக்கொண்டு படுக்கை அருகே வந்தார். மத்தீஸ் தாளும் பேனாவும் கேட்டு வாங்கினார். அந்தக் கோலத்திலேயே அவரை வரைந்தார். வரைந்ததைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். போதும், சரியாக வந்திருக்கிறது என்றார்.

மறுநாள் அவர் காலமானார். வயது 84.