கடதாசிக் கள்ளர்களை வரைந்த கரவாஜியோ

1577 இல் பிளேக் நோய் தந்தையையும் பாட்டனையும் கொண்டுபோனபோது மைக்கலாஞ்சலோ மெரிசிக்கு வயது ஆறு. குடும்பத்தின் ஊரான கரவாஜியோவின் பெயரே பின்னாளில் அவருக்கு நிலைத்தது. மிலானில் ஓவியம் பழகி, இருபது வயதைத் தாண்டியதும் கையில் காசில்லாமல் றோமுக்கு வந்தார். பிரபல ஓவியர் ஒருவரின் பட்டறையில் பூவும் பழமும் வரைவதே வேலையாகக் கிடைத்தது.

அங்கிருந்து வெளியேறி 1594 அளவில் வரைந்த படம்தான் ‘கடதாசிக் கள்ளர்கள்’. நல்ல உடுப்புப் போட்ட பையன் ஒருவன் தன் கையிலுள்ள கடதாசிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய தோளுக்குப் பின்னால் நிற்கும் தாடிக்காரன் அவற்றை எட்டிப்பார்த்து, விரலால் சைகை காட்டுகிறான். அவனது கையுறையின் விரல்நுனிகள் கிழிந்திருக்கின்றன. குறிவைத்த கடதாசியைத் தடவி அறியத்தான் என்று விளக்குவோர் உண்டு. எதிரே இருக்கும் கூட்டாளியோ முதுகுப்புறம் ஒளித்த கடதாசியை உருவப் பார்க்கிறான். இடுப்பில் கத்தி. அவனுக்கும் பையனின் வயதுதான் இருக்கும்.

சூது கெடுதி என்று போதிக்கும் படங்கள் அதற்கு முன்பும் இருந்தன. இங்கே தண்டனையும் இல்லை, உபதேசமும் இல்லை. ஒளித்த கடதாசி பையனுக்குத் தெரியாது, நமக்குத் தெரிகிறது. பார்த்தும் பேசாமல் நிற்கும் நாமும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறோம். இந்தப் படத்தின் உண்மையான துணிச்சல் அதுதான் என்பேன்.

படத்தை வாங்கிய கர்தினால் தெல் மொந்தே, ஓவியருக்குத் தன் மாளிகையிலேயே இடம் கொடுத்தார். அடுத்து வந்தவை தேவாலய வேலைகள். 1600 இல் முடித்த ‘மத்தேயுவின் அழைப்பு’ படத்திலும் மேசையைச் சுற்றிக் காசு எண்ணுபவர்கள் சூதாடிகளைப் போலவே இருக்கிறார்கள். தெருவை அவர் தேவாலயத்துக்குள்ளும் விடவில்லை.

தெருவும் அவரை விடவில்லை. உணவுக்கடைப் பணியாளரின் முகத்தில் தட்டை எறிந்தது, அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தது எனப் பொலிஸ் பதிவுகள் நீளுகின்றன. 1606 மே மாதம் ரனுச்சியோ தொமசோனி என்பவரைச் சண்டையில் கொன்றார். பந்தாட்டத்தில் எழுந்த தகராறு என்று அக்காலச் செய்திக் கடிதங்கள் எழுதின. மரண தண்டனைக்குத் தப்பி நாப்போலி, மோல்ட்டா, சிசிலி என ஓடினார். 1610 ஜூலையில், மன்னிப்பை எதிர்பார்த்து றோம் திரும்பும் வழியில், போர்த்தோ எர்க்கோலேயில் இறந்தார். வயது 38.

அவருக்குப் பிறகு வலந்தன், லா தூர் போன்ற ஓவியர்களும் கடதாசி மேசையையும் கள்ளக் கையையும் வரைந்தார்கள். மூலப் படமோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ணில் படாமல் போனது. 1987 இல் அதை வாங்கிய அமெரிக்காவின் கிம்பெல் அருங்காட்சியகத்தில் இப்போது பார்க்கலாம்.