தில்லையாடி வள்ளியம்மை

தில்லையாடி வள்ளியம்மை தில்லையாடியிற் பிறந்தவரல்லர் என்பதை நம்மவரிற் பலர் மறந்துவிடுகின்றனர். அது அவருடைய தாயாரின் ஊர். பிழைப்பு நாடிக் கடல் கடந்த தமிழர்க்கு மகளாய் 1898-ம் வருஷத்தில் அவர் பிறந்தது தென்னாப்பிரிக்காவின் ஜோஹான்னஸ்பர்க் நகரிலேயாம்.

அங்ஙனம் பிறந்த இந்தியக் குழந்தைக்கு அந்நாட்டுச் சட்டம் அளித்த அந்தஸ்து யாது? நேட்டாலில் ஒப்பந்தம் தீர்ந்து தங்கிய கூலிகள்மீது வருஷந்தோறும் விதித்த 3 பவுன் தலைவரி, வயது வந்த அவர்கள் மக்களையும் தொடர்ந்தது. தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்த இந்தியர் கேப் மாகாணத்துட் செல்லும் உரிமையையும் 1913-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம் குறுக்கிற்று. அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில் நீதிபதி ஸெர்ல், பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் முறைப்படி நடந்த விவாகங்களைச் சட்டம் அங்கீகரியாதெனத் தீர்ப்பளித்தார். வக்கீல்களுக்கு இதன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தாய் மனைவியல்லள் எனின், பிள்ளை முறைப்படி பிறந்ததன்று, வாரிசுரிமையும் ஐயத்துக்கிடமாகும். ஸ்திரீகள் ஸத்தியாக்கிரகத்திற் குதித்ததில் வியப்பென்ன?

வள்ளியம்மையும் தாயாரும் புறப்பட்டனர். தாம் பிறந்த தேசத்தில் ஒரு மாகாண எல்லையை அனுமதிச்சீட்டின்றிக் கடப்பதே அப்பெண்ணுக்குக் குற்றமாயிற்று! 1913 டிஸம்பரில் 3 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டு மாரிட்ஸ்பர்க் சிறை புகுந்தார். அங்கே கொடுஞ்சுரம் பற்றியது. எலும்புந்தோலுமாய் வெளிவந்தவர், 1914 பிப்ரவரி 22-ல் ஆவி நீத்தார். வயது 16.

அவ்வருஷமே இந்தியர் நிவாரணச் சட்டம் பிறந்து, தலைவரியை ஒழித்தது. ஒரு மனைவியோடு செய்த விவாகத்தையும் ஏற்றது. ஆயினும், இந்தியரை அந்நாட்டின் நிரந்தரக் குடிகளென்று அவ்வரசாங்கம் ஒப்புக்கொண்டது 1961-லேதான்.