நேதாஜி படத்தில் நின்ற டாக்டர் அம்மா

ராணுவ உடையில் நேதாஜி அணிவகுப்பைப் பார்வையிடுகிறார். அருகில், கால்சட்டையும் தொப்பியும் அணிந்த இளம்பெண் ஒருவர். எதிரே துப்பாக்கி ஏந்திய பெண்கள். யுத்த காலத்தில் எடுத்த அந்தப் படத்தைப் பார்க்காதவர் குறைவு. காப்டன் லட்சுமி என்று பெயரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர் படையில் இருந்தது இரண்டு வருஷம்தான். வைத்தியம் பார்த்தது அறுபது வருஷத்துக்கும் மேல். இது பலருக்குத் தெரியாது.

1914 அக்டோபர் 24-ல் சென்னையில் பிறந்தார். தந்தை வக்கீல் சுவாமிநாதன். தாய் அம்மு, பாலக்காட்டு ஆனக்கரையைச் சேர்ந்தவர். எனவே தமிழரும் மலையாளிகளும் அவரை நம்மவர் என்று கொண்டாடுவதில் தவறில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-ல் எம்.பி.பி.எஸ். தேறினார். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். 1940-ல் சிங்கப்பூர் போனார். அங்கே அவர் வைத்தியசாலைக்குப் பெரும்பாலும் வந்தவர்கள், பிழைப்பு தேடிக் கடல் கடந்த இந்தியத் தொழிலாளர்கள்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து, பெண்களுக்கும் ஒரு படை வேண்டும் என்றார். சில நாட்களுக்குள் லட்சுமி 20 பெண்களைச் சேர்த்து, துப்பாக்கியுடன் அணிவகுப்பு மரியாதை செலுத்த வைத்தார். நன்றாக நடந்த வைத்தியசாலையை விட்டுவிட்டு ஜான்சி ராணி படைக்குத் தலைவியானார். படையில் சேர்ந்தவர்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர்கள், அதன் விடுதலைக்கு உயிரைக் கொடுக்க வந்தார்கள்! படத்தில் வரிசையாக நிற்கும் அவர்களின் பெயரை யார் கேட்டார்கள்?

1945-ல் பர்மாவில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்ட லட்சுமி, 1946 மார்ச்சில் இந்தியா கொண்டுவரப்பட்டார். மறு வருஷம் படைத் தோழர் பிரேம் சேகலை மணந்து கான்பூரில் குடியேறினார். பிரிவினையில் வீடிழந்து வந்த அகதிகளுக்கும் ஏழைத் தாய்மாருக்கும் அங்கே வைத்தியம் செய்தார். 1971-ல் வங்காள அகதி முகாம்களிலும், 1984-ல் விஷவாயு கசிந்த போபாலிலும் போய் நின்றார்.

2002-ல் ஜனாதிபதி தேர்தலில் இடதுசாரிகள் அவரை நிறுத்தினர். எதிர்த்து நின்றவர் அப்துல் கலாம். ராமேஸ்வரத்துக்காரர், நம் திருவனந்தபுரத்துத் தும்பாவில் பல வருஷம் உழைத்தவர். இங்குள்ள தமிழருக்கு யாருக்காக ஆசைப்படுவது என்றே தெரியாத தேர்தல் அது! கலாம் பெருவாரியாக ஜெயித்தார். லட்சுமி அம்மையார் தம் நோயாளிகளிடம் திரும்பினார். தொண்ணூறு வயதுக்குப் பிறகும் வைத்தியம் பார்த்தார்.

2012 ஜூலை 23-ல், 97-வது வயதில் கான்பூரில் காலமானார். அவர் விருப்பப்படி உடலுக்குச் சிதை மூட்டவில்லை. மாணவர்கள் படிப்பதற்காக அவ்வூர் மருத்துவக் கல்லூரியில் ஒப்படைத்தார்கள்.