கரைகளை இணைத்த காதிர் வலி

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத்திற் கொடியேறுகின்றது. அதே மாதத்தில் தமிழகத்து நாகூரிலும் கொடியேறுகின்றது. இடையே கடல் கிடப்பினும், இரண்டு கொடிகளும் ஒரு பெரியாரின் பெயராலேயே ஏறுகின்றன. வடநாட்டிற் பிறந்து நாகூரில் அடங்கிய அவர், நம் கிழக்குக் கரைக்கும் உரியவரானது எங்ஙனம்? அவர்தம் வாழ்விலேயே இதற்கு விடை உண்டென்பது என் எண்ணம்.

செய்யிது அப்துல் காதிர் ஷாகுல் ஹமீது ஆண்டகை அவர்கள் பிறந்த ஊர், இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள மாணிக்கப்பூர். இளமையிலேயே வீட்டை விட்டகன்று, குவாலியரில் முகம்மது கௌது என்னும் ஞானாசிரியரை அடைந்து பயின்றார். பின்னர் மக்கா சென்று ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றினார். மாலைத்தீவிலும் இலங்கையிலும் அவர் அடி பதிந்ததென்று மரபு கூறும். இறுதியில் நாகூரில் தங்கினார்.

அவர் மணம் புரிந்தாரல்லர். வளர்ப்பு மகன் யூசுப் வழியாகவே அவர் குடும்பம் தழைத்தது. தஞ்சை நாயக்க மன்னரின் நோயை அவர் தீர்த்தாரென்றும், மன்னர் நன்றியுடன் நிலம் வழங்கினாரென்றும் கூறுவர். நடுக்கடலில் ஓட்டை விழுந்து தத்தளித்த மரக்கலத்தைக் கரையில் இருந்தவாறே காத்தாரென்பது மற்றொரு வரலாறு. ஹிஜ்ரி 978இல், அதாவது 1570இல், அவர் மறைந்தார் என்பர். 1812இல் சேகனாப் புலவர் இயற்றிய திருக்காரணப் புராணம் இவ்வாழ்வைத் தமிழ்க் காப்பியமாக்கியது. நாகூரின் ஐந்து மினாராக்களுள் உயர்ந்ததன் உயரம் 131 அடி. அதனை எழுப்பியவர் பிரதாப சிங் என்னும் மராட்டிய மன்னர், அவர் இந்து.

மரக்கலம் காத்த வரலாற்றை எப்படிக் கொள்வது என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால், கடலோடிகள் அதனை நெஞ்சிற் சுமந்தார்கள் என்பது உண்மை. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற வணிகரும் கூலிகளும் பினாங்கிலே அவருக்கு ஒரு நினைவிடம் அமைத்தனர். சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையே மற்றொன்று எழுந்தது. 1974இல் அந்நாடு அதனைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. அவ்விடங்களிலோ கல்முனைக்குடியிலோ அவர் உடல் அடங்கவில்லை, நினைவே அடங்கியுள்ளது.

உலகெங்கும் சிதறிய அடியாரை ஒன்றுசேர்க்க வேறு வழிகளும் உண்டு. அமெரிக்க மோர்மன் சமயத்தார் 1847இல் பிரிகாம் யங்கின் தலைமையில் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். ஐரோப்பாவிற் சேர்ந்தோரையும் அங்கே வந்து கூடுமாறு அழைத்தனர். இருபதாம் நூற்றாண்டிலோ, அவரவர் நாட்டிலேயே தங்கிச் சபையை வளர்க்குமாறு கூறலாயினர். அங்கே தலைமையும் உறுப்பினர் பதிவும் ஒழுங்கும் உண்டு. காதிர் வலியின் அன்பர்க்கோ பதிவேடு கிடையாது. எவரும் அவர்களை நாகூருக்குக் குடிபெயர அழைத்ததுமில்லை. ஒரு பெயர், ஒரு மாதம், ஒரு கொடி, பசித்தவர்க்கு வழங்கும் கந்தூரிச் சோறு: இவையே அவர்களைப் பிணைக்கும் கயிறு.

அக்கயிறு இன்று இழுபடுகின்றது. வணக்கம் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது, இறைநேசர் நினைவிடங்களை நாடுதல் ஆகாது என்போர் நம் ஊர்களிலும் உளர். அவர்தம் அச்சத்தை நான் எள்ளி நகையாடேன். ஏகத்துவமே இஸ்லாத்தின் உயிர். ஆயினும் வணங்குதல் வேறு, நன்றியுடன் நினைத்தல் வேறு. முன்னதைக் காப்பதற்காகப் பின்னதையும் அறுத்துவிட்டால், அக்கரையிலுள்ள உறவுகளை எதைக் கொண்டு அறிவோம்? தமிழ் பேசும் இந்துக்களும் வந்து நிற்கும் அம்முற்றத்தை எதனால் ஈடு செய்வோம்?

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்முனைக் கரையைச் சூறையாடியது. எண்ணற்ற உயிர்களையும் வீடுகளையும் கொண்டு சென்றது. கடலோடிகளைக் காத்தவரென்று போற்றப்படுபவரின் பெயர் விளங்கும் கரைக்கே அவ்வழிவு வந்தது. அதன் பின்னரும் கொடி ஏறுகின்றது. துயரத்தைத் தடுக்க இயலாதபோதும், துயருற்றோரை ஓரிடத்திற் சேர்த்து நிறுத்த ஒரு நினைவினால் இயலுமென்பதையே நான் இதில் காண்கின்றேன்.